‘பெல்ட் மாத்தியாச்சு’ என்றால் எந்த பெல்ட்?

தங்கச்சிமடத்து நண்பர் ஒருவர் பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினார். விற்றவர் “பெல்ட் போன வருஷம்தான் மாத்தினது” என்று பில்லையும் கொடுத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன்: ஃபேன் பெல்ட்!

பானட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது ஃபேன் பெல்ட். அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், ஓரமாக நிறுத்திவிடலாம். டைமிங் பெல்ட் கவருக்குள் ஒளிந்திருப்பது. பிஸ்டனோடு சேர்ந்த கிராங்கும் வால்வைத் திறக்கும் கேமும் தாளம் தப்பாமல் சுற்றுவது அதனால்தான். ஓட்டத்தில் அது அறுந்தால், திறந்து நிற்கும் வால்வை மேலே வரும் பிஸ்டன் போய் இடிக்கும். வால்வு வளையும், இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டை இறக்க வேண்டியதுதான். பெல்ட் செலவை மிச்சம் பிடித்தவர் இன்ஜின் வேலைக்குப் பணம் புரட்ட வேண்டும்.

உங்கள் வண்டியில் டைமிங்குக்கு பெல்ட்டா செயினா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஃபார்ச்சூனர் 3.0 டீசலில் பெல்ட், 2016 கடைசியில் இங்கே வந்த 2.8-இல் செயின். பஜேரோ ஸ்போர்ட் 2.5, காம்பஸ் 2.0 டீசல் இரண்டிலும் பெல்ட்.

நம் பக்கம் அதிகம் நடக்கும் தவறு, மீட்டரை மட்டும் நம்புவது. அந்த 3.0 ஃபார்ச்சூனரில் 1,50,000 கி.மீ. ஆனதும் டாஷ்போர்டில் டி-பெல்ட் (டைமிங் பெல்ட்) விளக்கு எரியும். ஆனால் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் ஆட்களை இறக்கிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கிறோமே, அது எந்தக் கணக்கில் வரும்? ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் மணிக்கு 45,000 சுற்று. மீட்டர் அசையாது, பெல்ட் தேயும். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு நான் கிலோமீட்டரைக் குறைத்துத்தான் கணக்கு வைப்பேன்.

கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபராளி வீடுகளில் இதற்கு நேர்மாறு. வண்டி வருடத்தில் பத்து மாதம் ஷெட்டில் நிற்கும். எட்டு வருடத்தில் 40,000 கி.மீ.கூட ஓடியிருக்காது, “புதுசு மாதிரி” என்பார்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். மேனுவலில் கிலோமீட்டரோடு வருடமும் போட்டிருந்தால் எது முந்துகிறதோ அதுதான் கெடு.

அப்புறம் மணல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தனுஷ்கோடி போகும் வழியில் முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் தார் ரோட்டின் மேலேயே மணல் ஓடும். டைமிங் கவரில் ஒரு போல்ட் இல்லையென்றால் அது உள்ளே போக வழி கிடைத்துவிடும். நண்பர் வண்டியின் கவரைக் கழற்றியபோது அடியில் ஒரு ஸ்பூன் அளவு மணல், கிராங்க் சீல் கசிந்த ஆயிலில் குழைந்து சந்தனம் மாதிரி அப்பியிருந்தது. பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. போட்டோவுக்காகக் கடல் தண்ணீரில் இறக்குகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்கையும் உப்பு தின்னும். இப்படி ஓடும் வண்டிக்கு, கெடுவில் பாதி வந்ததுமே மேல் கவரைக் கழற்றிப் பாருங்கள்.

பார்க்கும்போது பல்லின் அடியில் வெடிப்பு, பளபளப்பு, ஆயில் ஈரம் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று கெடுவைத் தள்ளிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் இழை நைந்தால் வெளியே தெரியாது. புது பெல்ட்டை மடித்து வைத்தாலே அந்த இழை முறியும். கீச் சத்தத்துக்கு ஸ்ப்ரே அடிக்கிற பழக்கமெல்லாம் இதன் பக்கமே வரக் கூடாது.

பெல்ட்டை மட்டும் மாற்றச் சொல்வதும் கஞ்சத்தனம்தான். அத்தனையையும் பிரித்த கையோடு டென்ஷனர், பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் உருளை, கசியும் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். காம்பஸில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஜேரோ ஸ்போர்ட்டில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒரு சின்ன பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் கதை முடிந்தது. மாட்டியபின் செல்ஃப் அடிக்கும் முன், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி டைமிங் மார்க் சேருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கவரிலேயே எழுதிவிடுங்கள். டி-பெல்ட் விளக்கை பெல்ட் மாற்றாமலேயே அணைத்துவிட முடியும், எழுதி வைத்ததுதான் சாட்சி.

ஒருவேளை பாம்பன் பாலத்து நடுவில் வண்டி சட்டென்று அணைந்து, செல்ஃப் அடித்தால் இன்ஜின் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுகிறதா? இன்னொரு தடவை அடிக்காதீர்கள். பின்னால் நிற்பவர்கள் தள்ளி ஸ்டார்ட் பண்ண வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னொரு வால்வு வளையலாம். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.