வாடகைக்கு வருபவரின் ஆதாரை போனிலேயே சரிபார்த்து, ஸ்கேன் செய்து, பதிவு செய்வது எப்படி?

வீட்டை வாடகைக்கு விட்டால் ஆதார் செராக்ஸ் ஒன்றை வாங்கி பீரோவில் போட்டுவைப்பது நம்மூர் வழக்கம். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்றிருக்கும் குமரி மாவட்டத்தில் அந்தத் தாள் சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும். அதைவிடப் பெரிய குறை, செராக்ஸ் எதையும் நிரூபிப்பதில்லை என்பது. வேறொருவர் ஆதாரில் தன் போட்டோவை ஒட்டி அச்சடித்துக்கொண்டு வர, கம்ப்யூட்டர் சென்டரில் உட்காரத் தெரிந்திருந்தால் போதும்.

எங்களுக்கு ஆசாரிப்பள்ளம் பக்கம் சில போர்ஷன்கள் உண்டு. மெடிக்கல் காலேஜ் பிள்ளைகள், நர்சுகள், கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் பையன்கள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். கீழே சொல்வது அதுதான். ஆண்ட்ராய்டு போனை வைத்துச் சொல்கிறேன். ஆப் நிறுவுவதும் கூகுள் கணக்கில் நுழைவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

ஆதார் ஆணையத்தின் எம்ஆதார் ஆப், கூகுள் டிரைவ், கூகுள் ஷீட்ஸ். இவ்வளவுதான். ஸ்கேன் செய்வதற்கென்று தனி ஆப் வேண்டாம் என்பது என் கட்சி. பலர் போனில் இன்னும் கேம்ஸ்கேனர் பெயரைத் தேடுகிறார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. அடோபி ஸ்கேனில் அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் போடும் வசதி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அடுத்தவர் ஆதாரை இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் எதற்கு ஏற்ற வேண்டும்? டிரைவிலேயே ஸ்கேன் வசதி உண்டு, அது போதும்.

படி 1: ஷீட்டைத் தயார் செய்யுங்கள்

ஷீட்டின் மேல் வரியில் இந்தத் தலைப்புகள் வரட்டும்: கதவு எண், குடிவந்த தேதி, பெயர், பிறந்த வருடம், சொந்த ஊர் முகவரி, போன் எண், ஊரில் ஒருவருடைய போன் எண், என்ன அட்டை, அதன் கடைசி நான்கு இலக்கம், க்யூஆர் பார்த்தாயிற்றா, போலீஸ் ஸ்டேஷனில் விவரம் கொடுத்த தேதி, காலி செய்த தேதி. முழு ஆதார் எண்ணுக்கு ஒரு கட்டம் போடாதீர்கள். அது நமக்குத் தேவையே இல்லை.

பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் நம் மாவட்டத்தில் குழப்பம்தான். ஒரே தெருவில் எத்தனை ஜெபராஜ், எத்தனை மணிகண்டன்! கதவு எண் முதலில் வரட்டும். தேதியை 2025-06-01 என்று வருடத்தில் தொடங்கி எழுதினால் தானாக வரிசையில் நிற்கும்.

படி 2: க்யூஆர் கோடைச் சரிபார்க்கவும்

எல்லாரும் இடறும் இடம் இதுதான். இந்த வேலையின் உயிரும் இதில்தான் இருக்கிறது. படம் எடுப்பது வேறு, சரிபார்ப்பது வேறு.

ஆதாரில் இருக்கும் க்யூஆர் கோடை போன் கேமராவிலோ பணம் அனுப்பும் ஆப்பிலோ காட்டினால் பக்கம் நிறைய வெறும் எண்களாக வந்து நிற்கும். அட்டை போலி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அது நல்ல அறிகுறி. 2018-க்குப் பிறகு வந்த கோடுகளில் பெயர், பிறந்த தேதி, முகவரி, சிறிய போட்டோ எல்லாம் சுருக்கப்பட்டு, ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு அடைக்கப்பட்டிருக்கும். சாதாரண ஸ்கேனருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. எம்ஆதாரில் உள்ள க்யூஆர் ஸ்கேனரைத் திறந்து காட்டுங்கள். கையொப்பம் சரியாக இருந்தால் விவரங்களும் போட்டோவும் திரையில் வரும். அட்டையில் அச்சானதும் திரையில் வருவதும் எதிரில் நிற்கும் ஆளும் ஒத்துப்போக வேண்டும். போட்டோ சின்னதாக, மங்கலாகத்தான் இருக்கும். ஆளைத் தெரிந்துகொள்ள அது போதும்.

இதற்கு மாறாக, சாதாரண ஸ்கேனரிலேயே பெயரும் முகவரியும் பளிச்சென்று எழுத்தாக வந்தால் அது பழைய வகைக் கோடு. அதில் கையொப்பம் கிடையாது. அட்டை போலி என்று அர்த்தமில்லை. நிரூபிக்கும் பலம் அதற்கு இல்லை, அவ்வளவுதான். புதிதாக இ-ஆதார் (ஆதாரின் பிடிஎஃப் வடிவம்) இறக்கித் தரச் சொல்லுங்கள்.

கோடு எடுக்கவே இல்லையா? பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

லேமினேஷன் பளபளப்பு. ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் கோட்டின் மேல் வெள்ளைத் திட்டு விழும். வாசல் திண்ணையில், வெயில் நேராகப் படாத நிழலில் வைத்து, அட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

கடையில் அடித்த பிளாஸ்டிக் கார்டு. பஸ் ஸ்டாண்ட் பக்கக் கடைகளில் ஏடிஎம் கார்டு அளவுக்கு அடித்துத் தருகிறார்களே, அதில் க்யூஆர் கோடும் சேர்ந்து சுருங்கி, புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். எந்த ஆப்பாலும் படிக்க முடியாது. இதற்கு அட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம், இ-ஆதார் பிடிஎஃப்-ஐத் திறந்து அதிலுள்ள பெரிய கோடைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு போன் திரையை இன்னொரு போனில் ஸ்கேன் செய்யும்போது திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவிட்டு, கோடை விரலால் பெரிதாக்கிக்கொண்டால் உடனே எடுக்கும்.

மடிப்பு. பழைய நீளத்தாள் ஆதாரை நான்காக மடித்துப் பர்சில் வைத்திருப்பார்கள். மடிப்பு க்யூஆர் கோடின் நடுவே போயிருந்தால், ஒரு கண்ணாடியை மேலே வைத்து அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று: அட்டையில் இருக்கும் கோடு, அட்டை அச்சான நாளின் விவரத்தைத்தான் சொல்லும். பிறகு முகவரி மாற்றியிருந்தால் பழையதே வரும். கல்யாணமாகிப் புகுந்த வீட்டு முகவரிக்கு மாற்றிய பெண்கள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும். சந்தேகப்பட வேண்டாம், கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இ-ஆதார் பாஸ்வேர்டு

"அண்ணே, டவுன்லோடு பண்ணிட்டேன், ஆனா பாஸ்வேர்டு கேக்கு." எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருடம். எளிது போலத் தெரியும். நம்மவர்களுக்கு இனிஷியலில்தான் மாட்டும். பெயர் பி. குமார், பிறந்தது 1990 என்றால் பாஸ்வேர்டு: பி, புள்ளி, கே, யு, அப்புறம் 1990. புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கு. இடைவெளி கணக்கில் வராது. இனிஷியல் பின்னால் இருந்தால் பிரச்சினை இல்லை. பெயரே மூன்று எழுத்து என்றால் மூன்றும் வருடமும் மட்டும். நாம் கூப்பிடும் பெயரை விட்டுவிட்டு, ஆதாரில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே பாருங்கள்.

இறக்கும்போதே மறைக்கப்பட்ட ஆதார் வேண்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். அதை டிக் செய்யச் சொல்லுங்கள். முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். இந்த வேலையை அவரவர் போனில் செய்வது நல்லது. கம்ப்யூட்டர் சென்டரில் இறக்கினால் பிரதி அங்கேயே கிடக்கும்.

ஓடிபி வரவில்லை என்றால், ஆதாரில் இணைத்த எண் இப்போது கையில் இல்லை என்று பொருள். வெளிமாநிலத் தம்பிகள் இங்கு வந்ததும் சிம்மை மாற்றிவிடுவதால் இது சகஜம். ஆதார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வாக்காளர் அட்டையோ லைசென்ஸோ போதும். அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் லைசென்ஸ் வைத்திருந்தால் அதைத் திறந்து காட்டச் சொல்லலாம். அங்கு துறையிலிருந்தே நேராக வரும் ஆவணம் அசலுக்குச் சமம். அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் அப்படியல்ல.

படி 3: ஸ்கேன்

சரிபார்த்த பிறகுதான் படம். டிரைவைத் திறந்து, கூட்டல் குறியைத் தொட்டு, ஸ்கேன். அட்டையைக் கறுப்புத் துணி அல்லது அடர்நிறப் பாய் மேல் வையுங்கள், ஓரம் தானாகப் பிடிபடும். மறைக்காத ஆதார் என்றால் முதல் எட்டு இலக்கத்தின் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்துவிட்டு எடுங்கள். பிறகு எடிட் செய்து மறைப்பதைவிட இது நூறு மடங்கு மேல். எடிட்டில் போட்ட பட்டையின் அடியில் எண் லேசாகத் தெரிவதும் உண்டு.

முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் ஒரே ஃபைலில். ஃபைல் பெயர்: கதவு எண், தேதி, பெயர்.

வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதாக இருந்தால், போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், க்யூஆர் எடுக்காது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கூகுள் ஃபார்ம் போட்டு அதில் ஃபைலை ஏற்றச் சொல்லலாமே என்று தோன்றும். ஃபைல் ஏற்றுவதற்கு எதிராளி கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். காலேஜ் பிள்ளைகளுக்குச் சரி, மற்றவர்களுக்கு அது ஒரு தலைவலி.

படி 4: விவரத்தை ஷீட்டில் ஏற்றுதல்

கூகுள் லென்ஸில் அட்டையைக் காட்டினால் எழுத்தை நகலெடுத்துத் தரும். கேரள அட்டையில் மலையாளம், வங்காள அட்டையில் வங்காளம் என்று இருந்தாலும் ஆங்கிலமும் கூடவே இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் கண்ணால் பாருங்கள். கதவு எண்ணில் சாய்கோடு 1 என்ற எண்ணாகிவிடும், பூஜ்யம் ஆங்கில எழுத்தாகிவிடும். பின்கோடு ஆறு இலக்கம் வருகிறதா என்பது சுலபமான சோதனை.

வடமாநில முகவரிகளில் ஊர்ப் பெயரோடு தபால் ஆபீஸ், தானா பெயரும் வரும். தானா என்றால் அவர்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன். அதை விட்டுவிடாதீர்கள், அடுத்த படியில் உதவும்.

படி 5: ஸ்டேஷன்

வீடு எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறதோ அங்கு குடியிருப்பவர் விவரப் படிவம் கேளுங்கள். ஷீட்டில் எல்லாம் இருப்பதால் பார்த்து நிரப்ப வேண்டியதுதான். போட்டோவும் அட்டைப் பிரதியும் சேர்த்து இரண்டு செட் எடுத்துப்போய், ஒன்றில் சீல் வாங்கி வாருங்கள். அதையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள். ஆளின் பின்னணியையே விசாரித்து அறிக்கை வேண்டும் என்றால், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கட்டணம் கட்டி வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது.

வெளிநாட்டவர் தங்கினால் கதையே வேறு. கன்னியாகுமரி ஊருக்குள் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் கவனிக்கவும்: வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அதற்கான படிவத்தில் ஆன்லைனில் ஏற்ற வேண்டும்.

படி 6: வாடகை ஒப்பந்தப் பதிவு

பதினொரு மாத எழுத்து (ஒப்பந்தம்) எழுதினால் பதிவே வேண்டாம் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை. அது சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் பதிவைப் பற்றியது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் 1908-ம் வருடப் பதிவுச் சட்டப்படி அங்கே போக வேண்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இது வேறு பதிவு. அதற்கென்று அரசின் டெனன்சி இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தத்தையும் டிரைவில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வைத்துக்கொண்டால் அங்கே ஏற்றுவது சிரமமில்லை. பதிந்ததும் ஒரு எண் கிடைக்கும், ஷீட்டில் குறித்துவையுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த மார்த்தாண்டம் நண்பர் ஒருவர், "ஒரு வீட்டில் நாலு பேர் சேர்ந்து தங்குகிறார்கள், எழுத்து ஒருவர் பேரில், அட்டை யாருடையது வாங்க?" என்று கேட்டார். நான்கு பேருடையதும்தான். ஷீட்டில் ஒரே கதவு எண்ணுக்கு நான்கு வரி. நடுவில் ஒருவன் போய் இன்னொருவன் வருவதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். வாடகை வாங்கும்போது "எல்லாரும் இருக்கியளா மக்களே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புது ஆளுக்குப் படி 2-லிருந்து மறுபடியும்.

இன்னொருவர், காலி செய்து போனவர்களின் ஃபைலை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அட்வான்ஸ் கணக்கு, கரண்ட் பில் எல்லாம் தீர்ந்த பிறகு அட்டை ஸ்கேனை அழித்துவிடுங்கள். ஷீட்டில் வரி இருக்கட்டும். டிரைவில் அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அங்கேயும் போய் அழிக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி, அது போய்ச் சேர்ந்த கேலரி, கேலரி தானாக பேக்கப் ஆகும் கூகுள் போட்டோஸ் மூன்றையும் பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே கூகுள் கணக்கு என்றால், குடித்தனக்காரர் ஆதார் பிள்ளைகளின் டேப்லெட்டிலும் வந்து நிற்கும். வாடகை வேலைக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்துகொள்ளுங்கள்.