பாலைவனத்தில் சோலார் பேனல்: எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது?

பாலைவன ஆலைக் கூரையில் இருந்த பேனல்களை மாதம் ஒருமுறை கழுவிக்கொண்டிருந்தோம். உற்பத்தி குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் விடியற்காலையில் ஏறிப் பார்த்தேன். இரவுப் பனியில் நனைந்த தூசி வழிந்து, ஒவ்வொரு பேனலின் கீழ் விளிம்பிலும் விரல் அகலத்துக்குச் சேறாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. அந்தப் பட்டை கடைசி வரிசை செல்களை மறைத்தாலே உற்பத்தி படுத்துவிடும்.

அப்புறம் காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரே திசை, ஒரே சாய்வுள்ள இரண்டு ஸ்ட்ரிங்குகளில் (தொடராக இணைத்த பேனல் வரிசைகளில்) ஒன்றை மட்டும் அடிக்கடி கழுவி, நண்பகலில் இரண்டின் மின்னோட்டத்தையும் இன்வெர்ட்டரில் ஒப்பிட்டேன். வித்தியாசம் 5 சதவீதத்தைத் தொட்டால் எல்லாவற்றையும் கழுவுவது என்று வைத்துக்கொண்டோம். எங்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தது. புழுதிப்புயல் அடித்தால் மறுநாளே.

கழுவுவது சூரியன் உதிக்கும் முன்புதான். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். உப்புநீர் வேண்டவே வேண்டாம். அது விடும் வெள்ளைக் கறை தூசியைவிடப் பிடிவாதமானது. காய்ந்த மணலைத் தேய்த்தால் மேல்பூச்சு கீறிப்போகும். முதலில் உப்பு நீக்கிய நீரை ஓடவிட்டு, பிறகுதான் மென்மையான பிரஷ்.