கயாக்கைத் தண்ணீரில் இறக்க ஓர் இடம்: பொதுக் கரையைத் தேடுவதும் காப்பதும்

கரை எல்லோருக்கும் பொது என்று சட்டம் சொல்லும். கரைக்குப் போகும் பாதை யாருடைய தோட்டத்துக்குள்ளோ போகும். பாதையும் பொதுவாக இருந்தால் வண்டி நிறுத்த இடம் இருக்காது. அதுவும் இருந்துவிட்டால், விடிந்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். மீன் நன்றாகக் கடிப்பதோ விடியும் முன். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் தூண்டில் போடுகிறவர்கள் பலர் இந்த நான்கில் ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்பி, கயாக்கைக் கார்க் கூரையிலிருந்து இறக்காமலே திரும்புகிறார்கள். புது இடத்துக்குப் போகும் முன் நான் பார்ப்பவற்றை, பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் தண்ணீரைப் பார்த்துவிட்டு நிலத்துக்கு வருவார்கள். நான் வண்டி நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். காரணம் எடை. என் கயாக் 12 அடி நீளம். வெறும் ஓடு (படகின் உடல்) மட்டும் 38 கிலோ. இருக்கை, பேட்டரி, மீன் காட்டும் கருவி, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் ஏறினால் 55 கிலோவைத் தாண்டும். குளிக்க வருகிறவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிலோமீட்டர்கூட நடப்பார். அவருக்குத் திறந்திருக்கும் கரை நமக்குத் திறந்த கரை ஆகாது.

செயற்கைக்கோள் வரைபடத்தில் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது. வண்டி நிற்கும் புள்ளியிலிருந்து நீர் விளிம்பு வரை அளந்து பாருங்கள். தனியாளாக இழுப்பதற்கு என் கணக்கு இது: தார் அல்லது சிமென்ட் பாதை என்றால் 400 மீட்டர், இறுகிய ஈர மணல் என்றால் 200, கால் புதையும் உலர் மணல் என்றால் 80. நடுவில் படிக்கட்டு வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவேன். உங்கள் முதுகுக்கு ஏற்றபடி இந்த எண்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், கூட்ட வேண்டாம். திரும்பி வரும்போது உடம்பில் பாதி தெம்புதான் இருக்கும்.

கயாக்கை ஏற்றி இழுத்துப் போகும் சிறு இழுவண்டியின் சக்கரம் இங்கே பெரிய விஷயம். ஒல்லியான கெட்டிச் சக்கரம் உலர் மணலில் உருளாது, உழும். காற்று குறைவாக அடைத்த அகலமான பலூன் சக்கரம் மணலின் மேலேயே ஏறிப் போகும். இழுவண்டியைக் கயாக்கின் நடு எடைக்குச் சற்றுப் பின்னால் மாட்டுங்கள். முன்முனையைத் தூக்கும்போது கையில் ஐந்தாறு கிலோ மட்டும் நிற்க வேண்டும். அதற்கு மேல் கனத்தால் ஐஸ் பெட்டியைப் பின்னால் தள்ளுங்கள். பட்டையை ஓட்டின் அடியில் குறுக்காகப் போட்டு இறுக்கிவிட்டு ஒருமுறை உலுக்கிப் பாருங்கள். ஆடினால் முதல் பள்ளத்திலேயே வண்டி கழன்று வரும்.

அடுத்து, பலகைகள். ‘குடியிருப்போர் வாகனம் மட்டும்’, ‘டிரெய்லர் இணைத்த வாகனம் மட்டும்’, ‘இரவில் நிறுத்தத் தடை’ ஆகிய மூன்றும்தான் கயாக்காரரைத் திருப்பி அனுப்புபவை. கூரையில் கட்டிக்கொண்டு வருகிற நமக்கு டிரெய்லர் இடம் கிடையாது. சாதாரண இடமோ குடியிருப்போருக்கு. கரைக்கு வேலி போட்டால் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். தெருவில் ஒரு பலகை நட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம். இணைய வரைபடத்தின் தெருப் பார்வைப் படங்களில் இந்தப் பலகைகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் படம் எடுத்த ஆண்டைப் பாருங்கள். பழைய படமாக இருந்தால் நம்ப வேண்டாம்.

கோடு எங்கே இருக்கிறது

கடலும் கடற்கரையும் எல்லோருக்கும் பொது என்று 533-இல் ஜஸ்டினியன் தொகுத்த ரோமானியச் சட்டநூலே சொல்லிவிட்டது. கரையில் அந்தப் பொது இடம் எங்கே முடிகிறது என்பதுதான் இன்றுவரை ஓயாத வழக்கு. ஊருக்கு ஊர் கோடு மாறும்.

அமெரிக்காவின் கடலோர மாநிலங்கள் பலவற்றில் சராசரி உயர் ஓதக் கோட்டுக்கு (கடல் ஏறும்போது நீர் சராசரியாகத் தொடும் மட்டம்) கீழே உள்ள ஈரக் கரை பொது. அந்தச் சராசரியை 18.6 ஆண்டு ஓதங்களை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 1935-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்ட கோட்டை மணலில் கண்ணால் பார்க்க முடியாது. நில அளவையாளர் கருவியோடு வந்தால்தான் உண்டு. ரோட் ஐலண்ட் 2023-இல் இதை எளிதாக்கியது: ஓதம் ஒதுக்கிவிட்டுப் போன கடற்பாசி வரிசை போன்ற கண்ணுக்குத் தெரியும் தடத்திலிருந்து நிலப்பக்கம் 10 அடி வரை மக்கள் போகலாம். ஓரிகானில் 1967 சட்டத்தால் செடிகொடி தொடங்கும் இடம் வரை உலர் மணலிலும் நடக்கலாம்.

மாசசூசெட்ஸிலும் மெய்னிலும் கதை வேறு. அங்கே தாழ் ஓதக் கோடு வரை தனியார் சொத்தாக இருக்கலாம். ஆனால் 1640களில் வந்த காலனி ஆணை மீன்பிடிக்கவும், பறவை வேட்டையாடவும், படகு செலுத்தவும் மக்களுக்கு உரிமையை விட்டுவைத்தது. உலாவப் போகிறவருக்கு இல்லாத உரிமை, அந்த ஈரக் கரையில் தூண்டிலோடு நிற்கிறவருக்கு உண்டு. அந்தப் பக்கம் போனால் தூண்டிலைக் கயாக்குக்குள் ஒளித்து வைக்காமல் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

படகு செலுத்தும் உரிமையும் மீன்பிடிக்கும் உரிமையும் எல்லா இடத்திலும் ஒட்டிப் பிறந்தவை அல்ல. ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஏரியிலும் ஆற்றிலும் பொறுப்போடு துடுப்புப் போடலாம்; அந்த உரிமையில் மீன்பிடிப்பு சேராது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஆறுகளில் அடிநிலம் யாருடையது என்றும் கேட்க வேண்டும். அமெரிக்காவின் மொன்டானாவில் 1985 சட்டம் வழக்கமான உயர்நீர்க் குறி வரை ஆற்றில் இறங்கி நிற்க விடுகிறது. கொலராடோவில் தனியார் நிலத்தின் மேல் ஓடும் ஆற்றில் கால் ஊன்றினாலே அத்துமீறல் ஆகலாம். அப்படிப்பட்ட இடத்தில் நங்கூரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இதையெல்லாம் விசாரிக்க மீன்வளத் துறையின் இறங்குதள வரைபடம், உள்ளாட்சியின் நில அளவை வரைபடம் இரண்டும் வேண்டும். ஒன்றில் பச்சையாகத் தெரியும் இடம் இன்னொன்றில் யாரோ ஒருவருடைய மனையாக இருந்தால், அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் கரையில் உதவாது. ‘தனியார் இடம்’ என்ற பலகையும் சில நேரம் ஆராய வேண்டியது. அரசுப் பலகையில் துறையின் பெயரோ விதி எண்ணோ இருக்கும்; கடையில் வாங்கி மரத்தில் ஆணியடித்த பலகையில் எதுவும் இருக்காது. படம் எடுத்து, உள்ளாட்சியிடம் அந்தப் பாதை யாருடையது என்று கேளுங்கள். பலகையைக் கழற்றுவது உங்கள் வேலை அல்ல.

ஆள் வந்து நின்றால்

ஒரு விடியற்காலையில் கயாக்கை இழுவண்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, “இது எங்க இடம். இங்கே எல்லாம் இறக்கக் கூடாது” என்றார்.

“மன்னிச்சுக்குங்க ஐயா, தூக்கத்தைக் கெடுத்துட்டேன். இந்தப் பாதை நகராட்சி வரைபடத்துல பொதுப் பாதைன்னு இருக்கு. இதோ, பாருங்க. ரெண்டு நிமிஷத்துல இறக்கிட்டுப் போயிடுறேன்.”

வரைபடத்தை அவர் பார்க்கவே இல்லை. “போன வாரம் வந்தவங்க குப்பையைப் போட்டுட்டுப் போயிட்டாங்க” என்றார். அவருடைய வழக்கு எல்லைக் கோட்டைப் பற்றியதே அல்ல. திரும்பி வந்தபோது கரையில் கிடந்த அறுந்த தூண்டில் நரம்பையும் பாட்டில்களையும் பொறுக்கிக் கொண்டுவந்தேன். அடுத்த முறை அவர் கை காட்டினார்.

எதிரே இருப்பவர் தணியவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். உங்கள் பக்கம் சட்டம் இருந்தாலும் அதை அலுவலகத்தில் நிலைநாட்டுங்கள், மணலில் நின்று அல்ல. தலைவிளக்கை வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பாதீர்கள். கார்க் கதவை ஒருமுறை திறந்து ஒருமுறை மூடும்படி பொருட்களை அடுக்கி வாருங்கள். படகுச் சரிவில் (படகைத் தண்ணீரில் இறக்கும் சாய்தளம்) நின்று தூண்டில் கட்டாதீர்கள். ஓரமாக எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுச் சரிவுக்கு வந்தால் ஒரு நிமிட வேலை. மோட்டார் படகுக்காரர்கள் நம்மீது வைக்கும் குறை இது ஒன்றுதான், அதில் நியாயமும் இருக்கிறது.

தண்ணீர் எப்போது இருக்கும்

காலையில் இழுவண்டிச் சக்கரத்தைத் தொட்ட தண்ணீர் மதியம் இருநூறு மீட்டர் சேற்றுக்கு அப்பால் போயிருக்கலாம். கடல் நீர் வற்றி இறங்கும் ஆறு மணி நேரத்தில் நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறக்கம் இன்னும் அதிகம். திரும்பும் நேரத்தை ஓத அட்டவணையை வைத்து முடிவு செய்யுங்கள். ஈரக் கரை மட்டுமே பொதுவாக உள்ள இடத்தில் உயர் ஓதத்தின்போது கால் வைக்கப் பொது மணலே இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். காற்று திரும்பினால் ஏறுவதற்கு இரண்டாவது கரை ஒன்றைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

வழி மூடாமல் இருக்க

இங்கிலாந்தில் 1980 நெடுஞ்சாலைச் சட்டப்படி, ஒரு பாதையை மக்கள் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, அனுமதி கேட்காமல் 20 ஆண்டு பயன்படுத்தியிருந்தால் அது பொதுப் பாதையாக அறிவிக்கப்படலாம். வழக்கு என்று வந்தால் கேட்பது சாட்சி. எனவே நீங்கள் போகும் பாதையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பழைய ஆட்களிடம் அவர்கள் பயன்படுத்திய ஆண்டுகளை எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவில் தூண்டில் சாமான்கள்மீது வசூலாகும் வரியிலிருந்து மாநிலங்களுக்குப் போகும் பணத்தில் குறைந்தது 15 சதவீதம் படகு இறங்குதளங்களுக்குச் செலவாக வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் மோட்டார் படகுக்கான சிமென்ட் சரிவாக மாறுகிறது, ஏனென்றால் கூட்டத்துக்கு வந்து கேட்பவர்கள் அவர்கள். உள்ளாட்சிக் கூட்டத்துக்குப் போய், ‘கரை வேண்டும்’ என்று பொதுவாகப் பேசாதீர்கள். இந்தத் தெருமுனையில் நான்கு வண்டி நிற்க இடம், கேட் விடியலுக்கு ஒரு மணி நேரம் முன் திறக்க வேண்டும், படிக்கட்டுக்குப் பக்கத்தில் கயாக் வழுக்கிப் போக ஒரு மீட்டர் அகலச் சரிவு என்று அளவோடு கேளுங்கள். கூடவே, ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு அயல் சிப்பிகள் பரவாமல் இருக்க, கயாக்கைக் கழுவி, உள்நீரை வடித்து, உலர்த்திவிட்டுத்தான் வருவோம் என்பதையும் மனுவில் எழுதுங்கள். அதிகாரிகள் முதலில் எழுப்பும் மறுப்புகளில் அதுவும் ஒன்று.