பைப் காடியை அடைத்த கதை

குளியலறையில் பைப்பைச் சுவருக்குள் பதிக்க பிளம்பர் காடி, அதாவது நீளமான பள்ளம், வெட்டினார். பழைய செங்கல் சுவர். பொலபொலவென்று உதிர்ந்து சில இடங்களில் கையே நுழையும் அளவுக்கு ஓட்டை. ஒரே அப்பாக அப்பிவிடலாம் என்றார் மேஸ்திரி. நான் விடவில்லை. கனமாகப் பூசினால் காயும்போது சுருங்கி விரிசல் விடும்.

முதலில் பைப்பில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தோம். அப்புறம் தூசி தட்டி, காடியை நன்றாக நனைத்து, சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) அடித்து, பெரிய ஓட்டைகளில் செங்கல் துண்டு செருகி, 1:4 கலவையை (ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல்) இரண்டு தடவையாக அடைத்தோம். பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் இடத்தில்தான் கோடு விழும் என்பதால், காடிக்கு இருபுறமும் ஏறும்படி கோழி வலை (மெல்லிய கம்பி வலை) அடித்துப் பூசினோம். டைல்ஸ்காரர் அவசரப்பட்டார், ஒரு வாரம் தண்ணீர் தெளித்த பிறகே விட்டேன். குழாய் வெளிவரும் இடத்தில் உள்ள இடைவெளியை அடைக்க மட்டும் ஒயிட் சிமென்ட் வேண்டாம், சிலிக்கான் சீலன்ட்தான்.