எல்எஃப்பி மின்முனையில் கார்பன் நானோகுழாய்: கலக்கும் முறை

லித்தியம் மின்கலத்தின் நேர்மின்முனையில் போடும் லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி, தானாக மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதனால்தான் கரித்தூள் சேர்க்கிறோம். உருண்டையான கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றால்தான் பாதை உண்டாகும். கார்பன் நானோகுழாய், அதாவது கரி அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய், நூலாய் நீண்டு துகள்களுக்கிடையே பாலமாக நிற்பதால் கொஞ்சம் இருந்தாலே போதும். ஆனால் அது பிரிந்து கிடக்க வேண்டும். கட்டியாய்க் கிடந்தால் விலை கொடுத்து வாங்கிய வெறும் கரிதான்.

வாங்கும்போது பலசுவர்க் குழாய் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்கு உள்ளது) போதும். தூய்மைச் சான்றிதழில் இரும்பு, கோபால்ட், நிக்கல் எவ்வளவு என்று பாருங்கள். குழாயைத் தயாரிக்கச் சேர்த்த அந்த வினையூக்கியின் மிச்சம் செல்லுக்குள் கரைந்து எதிர்முனையில் படிந்தால், சும்மா வைத்திருக்கும்போதே சார்ஜ் இறங்கும்.

முதலில் குழாய்க் கரைசல்: குழாய் 300 மி.கி., பிவிபி (குழாய் பிரிந்து நிற்க உதவும் பாலிமர்) 60 மி.கி., என்எம்பி (கரைப்பான் திரவம்) 19.64 கிராம். எடை போடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே வந்தால் தட்டில் இருப்பது மூக்குக்குள் போகும். என்95 முகக்கவசமும் பியூட்டைல் ரப்பர் கையுறையும் கட்டாயம். என்எம்பி கருவைப் பாதிக்கக்கூடியது, ஆகவே வேலை முழுக்க ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டில்தான்.

பிவிபியை முதலில் கரைத்து, குழாயைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து, முனை சோனிகேட்டரை (ஒலியதிர்வால் கட்டியைப் பிரிக்கும் கருவி) 2 வினாடி ஓட்டம், 2 வினாடி ஓய்வு என்று ஓட்டம் மட்டும் 30 நிமிடம் வருமாறு வையுங்கள். கூடுதலாக ஓட்டினால் இன்னும் நன்றாகப் பிரியும் என்று நினைக்க வேண்டாம். குழாய் துண்டு துண்டாகி நீளம் போய்விடும், நீளம் போனால் பாலமும் போச்சு. ஒரு துளியை என்எம்பியில் நீர்க்கச் செய்து கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாதாரண நுண்ணோக்கியில் பாருங்கள். 10 மைக்ரானுக்கு மேல் கருப்புத் திட்டு தெரிந்தால் இன்னும் 5 நிமிடம்.

இனி கூழ். முந்தைய இரவு 120 டிகிரி வெற்றிட அடுப்பில் உலர்த்திய எல்எஃப்பி 1.84 கிராம், சூப்பர் பி கரி 30 மி.கி., குழாய்க் கரைசல் 2 கிராம், என்எம்பியில் 10 சதவீத பிவிடிஎஃப் (துகள்களை ஒட்டும் பசை) கரைசல் 1 கிராம். தூள்களை உரலில் சேர்த்து அரைத்துவிட்டு, பிவிடிஎஃப் கரைசல், பிறகு குழாய்க் கரைசல் என்ற வரிசையில் ஊற்றி 4 மணி நேரம் கலக்குங்கள். தோசை மாவுப் பதம் வர வேண்டும். கெட்டியானால் என்எம்பியைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குழாயின் அளவைக் கூட்டினால் பசை அதன் பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும், பூச்சு உரியும்.

15 மைக்ரான் அலுமினியத் தாளில், பூசும் கத்திக்கும் தாளுக்கும் 200 மைக்ரான் இடைவெளி விட்டுப் பூசி, 80 டிகிரியில் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் தொல்லை. என்எம்பி காற்றின் ஈரத்தை இழுக்கும்; பிவிடிஎஃப் பிரிந்து நிற்கும்; பூச்சு வெளிறி விரல் பட்டாலே உதிரும். அறையில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வராவிட்டால் அன்றைக்குப் பூச வேண்டாம்.

14 மி.மீ. வட்டமாக வெட்டி, 110 டிகிரி வெற்றிடத்தில் 12 மணி நேரம். மின்சாரம் போனால் பம்ப் எண்ணெய் அடுப்புக்குள் ஏறும். இரவில் ஆள் இல்லையென்றால் வெற்றிடம் பிடித்ததும் வால்வை மூடிவிட்டுப் பம்பை நிறுத்துங்கள்.

வெறும் அலுமினிய வட்டின் எடை சுமார் 6.2 மி.கி. பூசிய வட்டு 15 மி.கி. என்றால், மிச்சம் 8.8ஐ 0.92ஆல் (காய்ந்த பூச்சில் எல்எஃப்பியின் பங்கு) பெருக்கினால் 8.1 மி.கி. எல்எஃப்பி. கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர்-மணி என்ற கணக்கில் 1சி ஓட்டம், அதாவது ஒரு மணி நேரத்தில் முழுதும் ஏற்றும் அல்லது இறக்கும் மின்னோட்டம், 1.38 மில்லி ஆம்பியர். ஈரமும் ஆக்சிஜனும் இல்லாத குளோவ் பாக்ஸில் லித்தியம் தகட்டை எதிர்முனையாக வைத்து சிஆர் 2032 நாணய செல்லாக மூடி, 2.5 முதல் 3.8 வோல்ட்டுக்குள் முதல் 3 சுற்றை 0.14 மில்லி ஆம்பியரில் ஓட்டுங்கள்.

கூடவே குழாய் இல்லாமல் கரி மட்டும் 60 மி.கி. போட்ட செல்லும் வேண்டும், அதே பூச்சு எடையில். மெதுவான ஓட்டத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அதைப் பார்த்துக் குழாய் வீண் என்று எழுதிவிடாதீர்கள். 1சி, 2சியில் இறங்கும் வோல்ட்டைப் பாருங்கள். அங்கேயும் வித்தியாசம் இல்லையென்றால் செல்லைப் பிரிக்க வேண்டாம், மீதிக் கரைசலில் ஒரு துளியை மறுபடி நுண்ணோக்கியில் வையுங்கள். நின்ற கரைசலில் குழாய் மீண்டும் திரண்டிருக்கும்.