கார் இன்ஜின் அடிவாங்கிவிட்டதா? ஓவர்ஹாலா, மாற்று இன்ஜினா: முடிவெடுக்கும் முறை

"இன்ஜின் போச்சு, மாத்திடலாம்" என்று பட்டறையில் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். இன்ஜினைப் பிரித்துப் பழுதுபார்ப்பதா (ஓவர்ஹால்), வேறு இன்ஜின் போடுவதா என்று, எந்தப் பாகம் போனது என அளந்து பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

படி 1: சி.ஓ.இ. கணக்கு

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்தான் சி.ஓ.இ. பழுதுச் செலவை அதில் மீதமுள்ள மாதங்களால் வகுங்கள். 6,000 வெள்ளி வேலை, 20 மாதம் பாக்கி என்றால் மாதம் 300 வெள்ளி. இன்றே பதிவை நீக்கினால் கையில் வரும் தொகையையும் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த சி.ஓ.இ.யை மறுபடி நீட்டிக்க முடியாது. அதன் கடைசி ஆண்டில் முழு ஓவர்ஹால் வீண் செலவு.

படி 2: எண்ணெயைப் பாருங்கள்

வெள்ளத்தில் நின்ற கார் என்றால் ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால்காப்பி நிறமா? கூலண்டோ தண்ணீரோ கலந்திருக்கலாம். அடுத்து ஆயில் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டாவிட்டால் பேரிங் தேய்மானமாக இருக்கலாம். அப்படியானால் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி, வால்வுகள் இருக்கும் பகுதி) வேலை மட்டும் போதாது.

படி 3: கம்ப்ரஷன் சோதனை

ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கேஜில் அளக்கும் சோதனை இது. பெரும்பாலான தவறான தீர்ப்புகள் பிறப்பது இங்கேதான். டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் இதைத் தவிர்த்து, நேரே படி 4.

எல்லா பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டியுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். காற்று நுழையும் வழியான த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். அது மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது, நல்ல இன்ஜினும் செத்தது போலக் காட்டும். பேட்டரி சோர்ந்திருந்தாலும் அதே கதைதான். இன்ஜின் ஓடாத நிலையில் சூடாக்க வழியில்லை என்றால் குளிர்ந்தபடியே எடுங்கள்.

பிளக் துளையில் கேஜை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு கம்ப்ரஷன் அடி வரும்வரை சுழற்றுங்கள். பல பெட்ரோல் இன்ஜின்களில் 150 முதல் 200 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை வரும். தனித்தனி அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம்: மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கோளாறு.

குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கெட். படுக்கைவாட்டு சுபாரு இன்ஜினில் இந்த எண்ணெய்ச் சோதனையை நம்பாதீர்கள்.

ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கும் மலிவு கேஜ் வேண்டாம், கசியும். திருகி மாட்டும் வகையே வாங்குங்கள்.

படி 4: லீக்‌டவுன்

சிலிண்டரிலிருந்து காற்று எங்கே கசிகிறது என்று பார்க்கும் சோதனை இது. இரு வகை வால்வுகளும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் மேல்நிலையில் பிஸ்டனை நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றை ஏற்றி, காதால் கேளுங்கள். சைலன்சரில் சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் போயிருக்கும் அல்லது ஹெட்டில் விரிசல் விட்டிருக்கும்.

படி 5: தீர்ப்பு

கேஸ்கெட்டோ வால்வோ மட்டும் என்றால் டாப் ஓவர்ஹால், அதாவது இன்ஜினின் மேல்பகுதியை மட்டும் பிரித்துச் சரிசெய்வது. ஹெட்டைக் கழற்றி, நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவை அளக்கச் சொல்லுங்கள். எத்தனை மில்லிமீட்டர் வரை அனுமதி என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நீட்சி வகை ஹெட் போல்ட்டுகள் புதிதாக இருக்க வேண்டும்.

சிலிண்டர் சுவரில் கீறல், கிராங்க் பேரிங் சேதம், வளைந்த ராடு: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்று இன்ஜின் பக்கம் சாய்வேன். ஓவர்சைஸ் பிஸ்டன் (கடைந்து அகலமாக்கிய சிலிண்டருக்கான பெரிய பிஸ்டன்) கிடைக்காத இன்ஜின் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

படி 6: மாற்று இன்ஜின் வாங்கும்போது

ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய காரிலிருந்து வரும்) இன்ஜினுக்கும் படி 3, 4 செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின் எண் எல்.டி.ஏ. (நிலப் போக்குவரத்து ஆணையம்) பதிவில் இருப்பதால், விதிகளை முன்பே பார்த்து, ஆவணங்களோடு வாங்குங்கள். வெளியே இருக்கும்போதே வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பின்பக்க கிராங்க் சீல் மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றக் கூலி பல மடங்கு. பழைய இன்ஜினில் பேரிங் போயிருந்தால் ஆயில் கூலரையும் தூக்கிப்போடுங்கள். உள்ளே தங்கிய துகள் புது இன்ஜினையும் தின்றுவிடும்.

பின்னர் சேர்த்தது: டொயோட்டா ஹைப்ரிட்களில் தனி ஸ்டார்ட்டர் கிடையாது. கம்ப்ரஷன் சோதனைக்கு ஸ்கேன் டூல் (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) வழியாகத்தான் சுழற்ற முடியும். வால்வு தாமதமாக மூடுவதால் கம்ப்ரஷன் எண்களும் குறைவாகவே வரும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் கை வைக்காமல், ஹைப்ரிட் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.