கரண்ட் பைக் வாங்கப் போறீங்களா? காசு குடுக்க முதல் இதெல்லாம் பாருங்க

கல்முனையில இருந்து ஏறாவூர் வரைக்கும் இப்ப எந்த ஒழுங்கைக்குள்ள பார்த்தாலும் சத்தமே இல்லாம ஒரு கரண்ட் பைக் போகுது. கடையில கேட்டா "இதுக்கு லைசனும் வேணாம் நம்பரும் வேணாம் தம்பி, சைக்கிள்தான்" எண்டுவாங்க, சில கடையில உண்மைய சொல்லுவாங்க, ஆனா அது குறைவு. எங்கட அக்கா பள்ளிக்கூடம் போக ஒண்டு எடுத்தா, பேப்பர் வேலை முழுக்க நான்தான் அலைஞ்சன், அதால களுவாஞ்சிகுடி பக்கம் யார் எடுத்தாலும் என்னட்டத்தான் கேட்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி ஏலாம இங்க எழுதுறன்.

முதல் ஒண்ட மண்டையில ஏத்துங்க. நம்மட இலங்கையில 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்தான் இதுக்கெல்லாம் அடிப்படை. அதுல பெற்றோலா கரண்டா எண்டு கேள்வி இல்ல, இயந்திர சக்தியில ரோட்டுல ஓடுதா எண்டதுதான் கேள்வி. பேருக்கு ரெண்டு பெடல் பூட்டி வச்சிருக்கிற ஸ்கூட்டர், பெடல் இருக்கு எண்டதுக்காக சைக்கிள் ஆகிடாது.

படி 1: செசி நம்பர்

கலரப் பார்க்க முதல் குனிஞ்சு ஹேண்டில் கழுத்தப் பாருங்க. பிரேம்ல குத்தின நம்பர் இருக்கணும், ஸ்டிக்கர் இல்ல, இரும்புல குத்தினது. போன்ல படம் எடுங்க. பிறகு கடைக்காரரிட்ட ரிஜிஸ்டர் பண்ற பேப்பர் எங்க எண்டு கேளுங்க, அந்தப் பேப்பர்ல உள்ள நம்பரும் இரும்புல உள்ள நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். மோட்டார் வாகனமா கஸ்டம்ஸ் தாண்டாம, பாகம் பாகமா சாமான் எண்டு வந்து இங்க பூட்டினதுக்கு பிறகு நம்பர் எடுக்கிறது பெரிய இழுபறி. "பேப்பர் அடுத்த மாசம் தாறம்" எண்டா அடுத்த மாசமே காசையும் தாறம் எண்டு சொல்லிட்டு வாங்க. வெட்கப்படாதீங்க.

படி 2: வோட் கணக்கு

எல்லாரும் சறுக்குற இடம் இதுதான், ஆறுதலா வாசிங்க. பைக்ல 60வி 20ஏஎச் எண்டு பெருசா எழுதியிருக்கும், அதாவது 60 வோல்ட், 20 அம்பியர் அவர். உடனே 60ஐ 20ஆல பெருக்கி "1200 வோட் மோட்டர் மச்சான்" எண்டு சொல்லுவாங்க. பிழை. அது பெட்டரியில எவ்வளவு கரண்ட் அடங்கும் எண்ட கணக்கு, வோட் அவர். மோட்டர்ட பலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, தண்ணி டாங்கி எவ்வளவு பெருசு எண்டு பார்த்து பைப்ல தண்ணி எவ்வளவு வேகமா வரும் எண்டு சொல்ற மாதிரி.

மோட்டர்ட வோட் வேணுமெண்டா பின் சில்லுக்குப் பக்கத்தால படுத்துப் பாருங்க, சில்லு நடுவுல ஹப்புல பொறிச்சிருக்கும், 500 எண்டோ 800 எண்டோ. அதுதான் ரேட்டட் பவர், அதாவது நிண்டு நிதானமா தொடர்ந்து தாற பலம். சீட்டுக்கு அடியில உள்ள கன்ட்ரோலர்ல, அதாவது மோட்டருக்கு கரண்ட அளந்து விடுற பெட்டியில, 30 அம்பியர் எண்டு இருந்தா 60ஐ 30ஆல பெருக்க 1800 வரும், அது ஏத்தத்துல கொஞ்ச நேரம் இழுக்கிற உச்சம். விளம்பரத்துல உச்சத்தப் போடுவாங்க, கேள்வி வந்தா ரேட்டட்ட காட்டுவாங்க. நீங்க ரெண்டையும் எழுதி வச்சுக்கொள்ளுங்க, பேப்பர்ல எது இருக்கோ அதுதான் நம்பர் எடுக்கிற ஒபிஸ்ல பார்ப்பாங்க.

படி 3: உண்மையான வேகம்

டாஷ்ல காட்டுறத நம்பாதீங்க, கூட்டித்தான் காட்டும். போன்ல ஜிபிஎஸ் ஸ்பீட் ஆப் ஒண்ட போட்டுட்டு, பெட்டரி புல்லா இருக்கேக்க வாகனம் குறைஞ்ச நேரத்துல நேரான ரோட்டுல பாருங்க. இன்னொரு விஷயம், கன்ட்ரோலர்ல இருந்து சும்மா தொங்குற சின்ன வயர் சோடி ஒண்டு கன பைக்ல இருக்கும், அது ஸ்பீட் லிமிட் வயர். பூட்டியிருந்தா மெதுவா ஓடும், கழட்டினா பாயும். கராஜ்ல "நான் கழட்டி விடுறன் தம்பி" எண்டு ஆசை காட்டுவாங்க. மெதுவா ஓடுற வண்டி எண்டு எடுத்த வண்டி அதோட வேற வண்டி ஆகிடும், பிரேக் மட்டும் பழைய பிரேக்தான். காத்தான்குடி மெயின் ரோட்டுல பேரீச்ச மரங்களுக்கு அந்தப் பக்கத்தால திடீரெண்டு ஆள் குறுக்க வாற நேரம் விளங்கும்.

படி 4: எடுத்த பிறகு

இது சுருக்கமா. ரிஜிஸ்ரேஷன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். இன்சூரன்ஸ் ஆகக்குறைஞ்சது தேர்ட் பார்ட்டி. வருஷா வருஷம் வருமான அனுமதிப்பத்திரம், அது டி.எஸ். ஒபிஸ்ல, பிரதேச செயலகம். ஓட்டுறவருக்கு மோட்டர் சைக்கிள் லைசன், ஏ வகுப்பு இருந்தா சின்ன மோட்டர் சைக்கிளுக்கான ஏ1உம் அதுக்குள்ள அடங்கும். ஹெல்மெட் ரெண்டு பேருக்கும். லைசன் இல்லாத மகனிட்ட டியூஷனுக்கு குடுத்து விட்டு எங்கயும் அடிபட்டா இன்சூரன்ஸ் கைய விரிச்சிடும், அந்த நேரம் கடைக்காரர் வர மாட்டார்.

பெட்டரிக்கு என்ட விருப்பத்த கேட்டா, காசு கொஞ்சம் கூடினாலும் லித்தியம். லெட் அசிட் எண்டா 12 வோல்ட் அஞ்சு கட்டையும் சுமந்துகொண்டு போகணும், சார்ஜ் இறங்க இறங்க இழுவை செத்துப் போகும்.

பிற்சேர்க்கை: கன பேர் கேட்டது, "லண்டன்ல அண்ணாக்கு லைசன் தேவையில்லயே, இங்க மட்டும் ஏன்?" அங்கயும் எல்லாத்துக்கும் இல்ல. 250 வோட்டுக்குள்ள, மணிக்கு 15.5 மைலோட மோட்டர் உதவி நிக்கிற, பெடல் உண்மையா வேலை செய்யுற சைக்கிளுக்குத்தான் அந்தச் சலுகை, அதுவும் 14 வயசு நிரம்பினவங்களுக்கு. நிண்டுகொண்டு ஓடுற ஸ்கூட்டர சொந்தமா வாங்கி அங்க பொது ரோட்டுல ஓட ஏலாது, ட்ரயல்ல விட்டிருக்கிற வாடகை ஸ்கூட்டர் மட்டும்தான். சிங்கப்பூர்ல அந்த மாதிரி ஸ்கூட்டர் 20 கிலோவுக்கும் 70 சென்றிமீற்றர் அகலத்துக்கும் மேல போகக் கூடாது, வேகம் 25 கிமீ, 2019 நவம்பர் 5ல இருந்து நடைபாதையிலயும் தடை. அந்த அந்த ஊர்ச் சட்டம் அந்த அந்த ஊரோட. பார்சல்ல ஸ்கூட்டர் வரலாம், சட்டம் வராது.

இன்னொரு தங்கச்சி அக்கரைப்பற்றுல இருந்து கேட்டிருந்தா, பழைய கரண்ட் பைக் கைமாறி எடுக்கலாமா எண்டு. எடுக்கலாம், ஆனா ரிஜிஸ்ரேஷன் புத்தகத்துல பேர் யாருக்கு இருக்கு எண்டு பார்த்து, அந்த ஆளிட்டயே கையெழுத்து வாங்கி பேர் மாத்துங்க. வாங்கிறவர்ட பேர் எழுதாம திறந்த கையெழுத்தோட ரெண்டு மூண்டு கை மாறினத எடுக்காதீங்க புள்ள, விலை எவ்வளவு குறைஞ்சாலும்.